நெடும் பிரயாணத்துக்குச் சிறு கட்டுச்சோறு

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம்மவர் இல்லங்களில் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடும். மாரேட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சொந்த ஊர்த் திருவிழாவுக்கோ, உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ புறப்படும் காலம் அது. ரயிலில் இடம் பதிவு செய்த மறுகணமே, வழிக்கு என்ன கட்டிக்கொண்டு போவது என்ற யோசனை அடுக்களையில் எழுந்துவிடும். புளியோதரை ஒரு பாத்திரம், மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி ஓர் அடுக்கு, தயிர் சாதம், நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு ஒரு டப்பா, ஊரில் உள்ளவர்களுக்கு உஸ்மானியா பிஸ்கட்டுப் பொட்டலங்கள் சில. இவை இல்லாமல் நம் பிரயாணம் ஏது?

இம்மாதம் நம் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று இந்தக் கட்டுச்சோற்றைப் பற்றியதே. எழுதியவர் ஒரு சகோதரி. அவருடைய நாத்தனாருக்கு உடல் எடையைக் குறைப்பதற்கான இரைப்பை அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதங்கள் ஆகின்றனவாம். குடும்பத்துடன் தஞ்சாவூருக்குத் திருமணத்திற்குச் செல்ல வேண்டியிருக்கிறது. வைத்தியர் பிரயாணத்துக்கு அனுமதி தந்துவிட்டார். "வழியில் அவளுக்கு என்ன கட்டிக் கொடுப்பது? நாங்கள் எல்லோரும் உண்ணும்போது அவள் பார்த்துக்கொண்டிருப்பதா?" என்று கேட்டிருக்கிறார்.

இக்கேள்வி ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் முழங்கால் வலியும் கூடிவந்து, வேறு வழிகளில் எடை குறையாமல், இச்சிகிச்சையை மேற்கொண்டவர்கள் இன்று நம் வட்டாரத்திலேயே பலர் இருக்கின்றனர். ஆகவே இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம்.

சிகிச்சைக்குப் பின் இரைப்பை

இது புதுமையான வைத்தியம் என்று சிலர் அஞ்சுகின்றனர். அப்படியன்று. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்ற அறுவை வைத்தியர் 1966-இல் இவ்வகைச் சிகிச்சையைத் தொடங்கினார். அறுபது ஆண்டுக் காலத்தில் அது பலவாறு திருத்தம் பெற்று வளர்ந்திருக்கிறது. இன்று பெரும்பாலும் இரண்டு முறைகள் கையாளப்படுகின்றன. ஒன்றில், இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழாயைப் போல் அமைகிறது. மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, அது நேரே சிறுகுடலின் கீழ்ப் பகுதியோடு இணைக்கப்படுகிறது. இந்தப் பை தொடக்கத்தில் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவே கொள்ளும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் பெறப்படுகின்றன. வழிக்கு உணவு கட்டுபவர் இம்மூன்றையும் உணர்ந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிது.

முதலாவது, இடம் மிகக் குறைவு. ஆகவே உள்ளே செல்லும் ஒவ்வொரு கவளமும் பயனுள்ளதாக இருக்க வேண்டும். உடல் விரைவாக மெலியும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசையைக் காப்பது புரதச் சத்து. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது வைத்தியர்கள் பொதுவாகக் கூறும் கணக்கு. சிலருக்கு அதற்கு மேலும் சொல்வதுண்டு. ஓர் இட்லியில் உள்ள புரதம் ஏறக்குறைய 2 கிராம்தான். இரண்டு இட்லியோடு சிறு இரைப்பை நிரம்பிவிட்டால், அந்த வேளையின் புரதக் கணக்கு நான்கோடு நின்றுவிடும்.

இரண்டாவது, உணவும் நீரும் ஒன்றாகச் செல்லலாகாது. உண்டுகொண்டே நீர் பருகினால் வயிறு முட்டிக் குமட்டும். அல்லது உணவு விரைவில் கீழே இறங்கிவிடும். உண்டபின் அரை மணி நேரம் கழித்தே நீர் பருக வேண்டும்.

மூன்றாவது, சர்க்கரை இங்கே பகை. குறிப்பாகக் குடலோடு இணைத்த சிகிச்சை பெற்றவர்களுக்கு, இனிப்பு நேரே சிறுகுடலில் விழுந்து, உடலின் நீரை அங்கே இழுத்துக்கொள்கிறது. உண்ட அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலை சுற்றி, வயிறு கலங்கும். வேறு சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து, கை நடுங்கிச் சோர்வு உண்டாகும். நள்ளிரவில் ஓடும் ரயிலில், மேல் படுக்கையில் இருப்பவருக்கு இப்படி நேர்ந்தால், குடும்பத்தார் மாரடைப்போ என்று கலங்கிப் போவார்கள். ஆறு மணிக்கு அன்போடு ஊட்டிய ஒரு ஜாங்கிரியே காரணம் என்று யாருக்குத் தோன்றும்?

பைக்குள் என்ன வைப்பது?

ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு இரும்புப் பாதையில் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். சார்மினார் எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் மறுநாள் காலையில் இறங்கலாம். தஞ்சை, மதுரை, திருநெல்வேலி என்று மேலும் தெற்கே போகிறவர்களுக்கு மறுநாள் பகலும் வழியிலேயே கழியும். ஆகவே ஒரு மாலை, ஓர் இரவு, ஒரு பகல் என்று கணக்கிட்டுக் கட்டுவதே பொருத்தம்.

கட்டும்போது ஒரே விதி: விரைவில் கெடக்கூடியதை முதலில் உண்ண வேண்டும், கெடாததைக் கடைசிக்கு வைக்க வேண்டும். நம் பாட்டிமார் புளியும் எண்ணெயும் சேர்த்துச் சோற்றைக் காப்பாற்றினார்கள். சிகிச்சை பெற்றவருக்கு அந்தப் புளிப்பும் எண்ணெயும் காரமும் ஒவ்வா. சோறு பிசைந்து இறுகினால் சிறு இரைப்பையின் வாயில் அடைத்துக்கொள்வதும் உண்டு. ஆதலால் வேறு வழி தேட வேண்டியிருக்கிறது.

ஈரப்பதமுள்ள சமைத்த உணவு எதுவும் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருத்தல் தகாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் என்றே கொள்க. இதற்குப் பனிக்கட்டிப் பொட்டலம் வைத்த குளிர்காப்புப் பை ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. அதில் இரவு உணவுக்கானவற்றை மட்டும் வைத்தால் போதும்.

புறப்படுமுன் மாலை 4 மணிக்கு, வீட்டிலேயே அமர்ந்து நிதானமாக ஒரு சிறு உணவை முடித்துவிட வேண்டும். குழைய வேகவைத்த அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அல்லது கெட்டியான பயத்தம்பருப்புக் கூட்டு ஏற்றது. நிலையத்தின் கூட்டத்திலும் மூட்டை தூக்கும் அவசரத்திலும் உண்பது சிறு இரைப்பைக்கு ஆகாது. ஒவ்வொரு வேளையையும் இருபது நிமிஷத்துக்குக் குறையாமல், நன்றாக மென்று உண்ண வேண்டியவர் அவர்.

இரவு 8 மணிக்குக் குளிர்காப்புப் பையைத் திறக்கலாம். புலால் விலக்காதவர்களுக்கு அவித்த முட்டை ஒன்று. அதில் புரதம் ஏறக்குறைய 6 கிராம். சைவர்களுக்குச் சிறு துண்டுகளாக நறுக்கிய பன்னீர் 50 கிராம். அதில் ஏறக்குறைய 9 கிராம். இனி, நாம் குடியேறிய தெலுங்கு நாடு நமக்குத் தந்திருக்கும் ஒரு நல்ல பதார்த்தத்தையும் மறக்கலாகாது. அதுதான் பெசரட்டு. பச்சைப்பயறு முழுவதையும் ஊற வைத்து அரைத்துச் சுடுவதால், நம் அரிசி தோசையைவிடப் புரதம் மிகுந்தது. எண்ணெய் குறைத்து, முறுகவிடாமல், உள்ளங்கை அகலத்தில் மெத்தென்று ஒன்று சுட்டு, ஆறியபின் குளிர்ப் பையில் வைத்தால் இரவு வேளைக்கு அது போதும். தொட்டுக்கொள்ளக் காரச் சட்டினி வேண்டாம். கெட்டித் தயிர் இரண்டு கரண்டி அமையும்.

இரவு படுக்குமுன்னும், மறுநாள் காலையிலும், பனி உருகிய பைக்கு வேலை இல்லை. அப்போது கை கொடுப்பவை பொடிகளே. கொழுப்பு நீக்கிய பால் பொடி 25 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதம் உண்டு. பொட்டுக்கடலையை மாவாகத் திரித்து, சீரகமும் உப்பும் சேர்த்து, 30 கிராம் வீதம் சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டால், ஒவ்வொன்றிலும் 6 கிராமுக்குக் குறையாத புரதம் இருக்கும். வீட்டிலிருந்து வெந்நீர்க் குடுவை ஒன்று எடுத்துச் சென்றால் எந்த நேரத்திலும் கரைத்துப் பருகலாம். வைத்தியர் புரதப் பொடி எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் இவ்வாறே அளந்து கட்டிக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பின் சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும். அவர்கள் கடலை மாவையே நம்புவது நல்லது. இவற்றில் எதையும் முதன்முறையாக ரயிலில் சோதித்துப் பார்க்க வேண்டாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பருகிப் பார்த்துவிடுக.

பகல் நீண்ட பிரயாணத்துக்கு வறுத்த கடலை, வேர்க்கடலை ஆகியவை ஏற்றவை. ஆனால் சிகிச்சை நடந்து சில மாதங்கள் கழிந்து, கடினமான உணவுக்கு வைத்தியர் இணங்கிய பின்னரே. முதல் வாரங்களில் நீர்மமும், பின்னர் மசித்ததும், அதன் பின்னர் மென்மையானதும் என்று படிப்படியாகவே உணவு ஏறுகிறது. அந்தப் படியைப் பிரயாணத்துக்காகத் தாண்டலாகாது. வேர்க்கடலையைக் கைப்பிடிக்கு மேல் கட்டிக் கொடுக்கவும் வேண்டாம். அதன் காரணத்தை அடுத்துச் சொல்கிறோம்.

எதை வைக்கலாகாது?

சிறு இரைப்பை சோற்றைத் தடுக்கும், மிக்சரைத் தடுக்காது. இதைப் பலர் அறிவதில்லை. முட்டையும் பருப்பும் இரைப்பையில் தங்கிப் போதும் என்ற உணர்வைத் தருகின்றன. முறுக்கும் காராசேவும் மிக்சரும் வாயிலேயே பொடியாகி, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. ஆகவே ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் சோறு உண்ண முடியாதவர், சாளரத்தருகே அமர்ந்து வாரங்கலிலிருந்து விஜயவாடா வரையில் ஒரு பொட்டலம் மிக்சரைக் கொறித்து முடித்துவிட முடியும். சிகிச்சைக்குப் பின் ஓரிரு ஆண்டுகள் கழிந்து இழந்த எடை மெல்லத் திரும்பிவரும் வழிகளில் இந்தக் கொறிப்பும் ஒன்று. பிரயாணமோ கொறிப்பதற்கென்றே அமைந்த நேரம். வேலை இல்லை, கையருகே டப்பா இருக்கிறது, எதிரே அமர்ந்தவரும் நீட்டுகிறார். ஆதலால் சிகிச்சை பெற்றவரின் பையில் பெரிய டப்பாவே இருக்கக் கூடாது. வேளைக்கொரு சிறு பொட்டலமாகக் கட்டி, மேலே நேரத்தையும் எழுதிவிடுங்கள். பொட்டலம் முடிந்தால் வேளை முடிந்தது.

ஆரோக்கியத்தின் பெயரால் வரும் இனிப்புகளிடமும் எச்சரிக்கை வேண்டும். சத்துமாவு உருண்டை, பேரீச்சை உருண்டை, கடலை மிட்டாய், சிறுதானிய பிஸ்கட்டு ஆகியவற்றை நல்லெண்ணத்தோடு வாங்கித் தருவோர் உண்டு. வெல்லமானாலும் தேனானாலும் பேரீச்சையானாலும் குடலுக்கு அது சர்க்கரையே. நம் ராஜேந்திர நகரில் இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக உலக நாடுகள் கொண்டாடின. சிறுதானியத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் சிறுதானியத்தில் செய்த பிஸ்கட்டும் பிஸ்கட்டே. பொட்டலத்தின் பின்புறத்தில் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் பிறகு முகப்பில் உள்ள படத்தைப் பார்க்கலாம்.

நிலையங்களில் விற்கும் வடை, சமோசா, நறுக்கிய பழம், சர்க்கரைத் தேநீர், சோடா, குளிர்பானங்கள் ஆகியவற்றை அறவே தவிர்த்தல் நலம். வாயு நிறைந்த பானம் சிறு இரைப்பையை ஊதி வலியை உண்டாக்கும். நார் மிகுந்த ஆரஞ்சுச் சுளை, தேங்காய்ச் சில், முருங்கைச் சக்கை ஆகியவை அடைத்துக்கொள்ளக்கூடும்.

தண்ணீரும் ஒரு கட்டுச்சோறே

வழியில் சகோதரிகள் பலர் செய்யும் ஒரு காரியம் உண்டு. ரயிலின் கழிப்பறைக்கு அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பெரிய இரைப்பை உள்ளவர் இறங்கியதும் இரண்டு செம்பு நீர் பருகி அதை ஈடு செய்துவிடலாம். சிறு இரைப்பை உள்ளவரால் அது இயலாது. ஒரு தடவைக்குச் சில மடக்குகளே அவருக்கு இறங்கும். காலையில் விட்ட நீரை மாலையில் பிடிக்க முடியாது. இச்சிகிச்சைக்குப் பின் மக்கள் மறுபடியும் மருத்துவமனைக்குத் திரும்ப நேரும் காரணங்களுள் நீர் வறட்சி முக்கியமானது.

நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீர் செல்ல வேண்டும். பெரிய புட்டியைக் கொடுத்தால் மலைப்பாக இருக்கும். கால் லிட்டர் கொள்ளும் சிறு புட்டி ஒன்றைக் கையிலேயே வைத்து, சில நிமிஷத்துக்கு ஒரு மடக்காக, இரண்டு மணி நேரத்தில் அதைத் தீர்க்கச் செய்யுங்கள். உறங்கும் நேரம் நீங்கலாக ஆறு ஏழு முறை நிரப்பினால் கணக்குச் சரியாகிவிடும். உப்பிட்ட நீர்மோர், சர்க்கரை சேராத எலுமிச்சை நீர், வடிகட்டிய மிளகு ரசம் ஆகியவையும் இக்கணக்கில் சேரும். மோரை முதல் சில மணி நேரத்துக்குள் பருகிவிட வேண்டும். கழிப்பறைக்கு அருகில் கீழ்ப் படுக்கையாகப் பதிவு செய்வது, துணைக்கு ஒருவர் உடன் எழுந்து செல்வது ஆகிய சிறு உதவிகளைக் குடும்பத்தார் செய்தால் அந்த அச்சமும் குறையும். அவ்வாறு மணிக்கொரு தரம் எழுந்து நடப்பது கால்களுக்கும் நல்லது. அறுவை சிகிச்சை நடந்து சில வாரங்களே ஆனவர் நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்துவிடும் அபாயம் உண்டு.

குன்னூரிலிருந்து தார்நாகாவுக்கு

வாந்தியைப் பற்றிச் சொல்லுமுன், நம் ஊரில் உள்ள ஒரு நிறுவனத்தை நினைவுகூர வேண்டியிருக்கிறது. தார்நாகாப் பக்கம் போய் வருகிறவர்கள் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வாயிலைக் கண்டிருப்பார்கள். அது தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடியேறியது என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1918-இல் நீலகிரியில், குன்னூர் பாஸ்டியர் நிலையத்தில், ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர் ஒரே அறையில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பெரிபெரி என்ற நோயின் காரணத்தைக் கண்டறிவதே அதன் நோக்கம். அந்த அறை வளர்ந்து பெரிய ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் இயக்குநராகப் பல்லாண்டுகள் விளங்கிய டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். நம் நாட்டு உணவுகளில் என்ன சத்து எவ்வளவு என்பதை இல்லத்தரசியும் அறியும்படி அட்டவணையாக்கிய நூலை அந்நிறுவனம் 1971-இல் வெளியிட்டபோது அவரே அதன் முதல் ஆசிரியர்.

பெரிபெரி என்பது பி-1 என்னும் தையமின் சத்தின் குறைவால் வருவது. தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் ஒரு காலத்தில் அது மிகுதியாகக் காணப்பட்டது. புழுங்கலரிசி உண்டவர்களை அது அவ்வளவாக அணுகவில்லை. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுவதே காரணம். அந்த நோய் இன்று பழங்கதையாகிவிட்டது என்று நாம் எண்ணியிருந்தோம். ஆனால் எடை குறைப்புச் சிகிச்சை பெற்றவர்களிடம் அது புதிய வழியில் தலைகாட்டுகிறது. உடலில் இச்சத்தின் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். சிகிச்சைக்குப் பின் உணவு குறைந்து, அதனோடு வாந்தியும் நாள்தோறும் தொடர்ந்தால் சேமிப்பு தீர்ந்து, நரம்பும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. கால் மரத்தல், நடை தள்ளாடுதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள்.

"ரயில் ஒத்துக்கொள்ளவில்லை, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாம் வாந்தியை எளிதாகத் தள்ளிவிடுகிறோம். வேகமாக உண்டதால் ஒரு முறை நேரும் வாந்திக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு நாள் முழுவதும் நீர் கூடத் தங்கவில்லையென்றால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மேற்சொன்ன அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது. அங்கே பணியிலிருக்கும் வைத்தியருக்கு இவருடைய வரலாறு தெரிந்திராது. சோர்ந்து வந்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது வழக்கம். தையமின் குறைந்திருக்கும் உடலில், தையமின் ஊசியைத் தராமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் நிலை மோசமாகும். ஆகவே கட்டுச்சோற்றுப் பையில் ஓர் அட்டையையும் வையுங்கள். என்ன சிகிச்சை, எந்தத் தேதியில் நடந்தது, வைத்தியரின் தொலைபேசி எண், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தால், பேச முடியாத நேரத்தில் அதுவே அவருக்காகப் பேசும். அந்தப் பையிலுள்ள பொருள்கள் யாவற்றிலும் அதுவே மிகச் சிறியது, அவசியமானதும் அதுவே.

அன்றாட விட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளைப் பிரயாணத்தில் விட்டுவிடலாகாது. இரும்பையும் சுண்ணாம்பையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். நீரிழிவு மருந்தின் அளவு சிகிச்சைக்குப் பின் மாறியிருக்கும். பழைய சீட்டைக் கொண்டு மருந்து வாங்க வேண்டாம். தலைவலி, மூட்டு வலி என்று உடன் வருபவர் தரும் இபுப்ரோபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள், முக்கியமாகக் குடல் இணைப்புச் சிகிச்சை பெற்றவருக்கு, இரைப்பைப் புண்ணை உண்டாக்கக்கூடியவை.

ஊர் சேர்ந்த பின்

ரயிலில் பையைக் காப்பாற்றுவது எளிது. பந்தியில் காப்பாற்றுவதுதான் அரிது. திருமண வீட்டில் இலை போட்டதும் முதலில் விழுவது இனிப்பு. "என்ன இப்படி இளைத்துவிட்டாய்! ஹைதராபாத்தில் சோறு கிடைப்பதில்லையா?" என்று அத்தைமார் அங்கலாய்ப்பார்கள். சிகிச்சைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களில் தலைமுடி உதிர்வது பலருக்கும் நேர்வது. பெரும்பாலும் அது பின்னர் திரும்ப வளர்ந்துவிடும். அதைக் கண்டும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எதிர்த்துப் பேசவும் மனம் வராமல், சிகிச்சையைப் பற்றிச் சொல்லவும் கூசி, அவர் ஒரு கரண்டி பாயசத்தை விழுங்கிவிட்டுப் பின்கட்டில் போய்த் தலைசுற்றி அமர்ந்திருப்பார்.

இங்கேதான் உடன் செல்பவரின் பொறுப்பு இருக்கிறது. அண்ணியோ கணவரோ முன்னரே பரிமாறுபவரிடம் சென்று, "இவருக்குக் குழந்தை இலை போதும், பருப்பும் கூட்டும் தயிரும் முதலில் வையுங்கள், இனிப்பு வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். காரணம் கேட்டால், "வைத்தியர் சொல்லியிருக்கிறார்" என்ற ஒரே வாக்கியம் போதும். சிகிச்சையின் விவரத்தை ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் அவருடைய உரிமை. அதை வீட்டார் தாமாகவே விளம்பரப்படுத்தலாகாது.

விருந்தோம்பல் நம் இரத்தத்தில் ஊறியது. இன்னும் ஒரு கரண்டி என்று வற்புறுத்துவதையே அன்பின் அளவாகக் கொண்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அன்பைக் குறைத்துக்கொள்ளும்படி யாரும் கேட்கவில்லை. அளவுகோலை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. பெசரட்டு ஒன்றை மெத்தென்று சுட்டு வைப்பதும், பொட்டலத்தின் மீது நேரத்தை எழுதுவதும், இரவில் எழுந்து துணைக்கு நடப்பதும் அன்பின் செயல்களே.

கடிதம் எழுதிய சகோதரிக்கு நம் விடை இதுதான். உங்கள் நாத்தனார் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் உண்ணும் அதே நேரத்தில், தம் சிறு பொட்டலத்தைப் பிரித்து, உங்களோடு அமர்ந்து, உங்களைவிட நிதானமாக அவர் உண்ணட்டும். உங்கள் இட்லி தீர்ந்த பிறகும் அவர் மென்றுகொண்டிருந்தால் அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். புறப்படுமுன் அவருடைய வைத்தியரிடம் இந்தப் பட்டியலைக் காட்டி, அவர் திருத்துவதைத் திருத்திக்கொள்ளுங்கள். திருமணம் இனிதே நடந்தேறட்டும்.